கையசைவுக்குப் பணியும் திரை: கண்காட்சியில் சரி, வீட்டில்?

கையசைத்து இயக்கும் திரை ஏதாவது கண்காட்சியில் இருந்தால், திரையைப் பார்க்கும் முன் தரையைப் பாருங்கள். மஞ்சள் டேப் ஒட்டியிருப்பார்கள், இல்லையென்றால் இரண்டு பாதம் வரைந்த ஸ்டிக்கர் இருக்கும். அதன்மேல் நின்றால் உங்கள் கை திரையில் பழம் வெட்டும், பக்கம் புரட்டும், பூமி உருண்டையைச் சுழற்றும். ஓரடி முன்னே வந்தால் திரையிலுள்ள கை நடுங்கத் தொடங்கும். பக்கத்தில் ஒருவர் எட்டிப் பார்த்தால் போச்சு, அந்தக் கை அவருடையதாகிவிடும்.

பினாங்கு பாயான் பாருவில் உள்ள ஸ்பைஸ் அரங்கில் நான் பார்த்த ஸ்டாலில் கறுப்பு டீசட்டை போட்ட ஒரு தம்பி நின்றிருந்தார். வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பாடம்தான். “கோட்டு மேல நில்லுங்க ஆன்ட்டி. கைய மெதுவா தூக்குங்க. இன்னும் மெதுவா. ஆ, அவ்ளோதான்.” அடுத்து வந்தவர்களுக்கு அதையே மலாயில் சொன்னார், அப்புறம் ஆங்கிலத்தில். யாராவது தடுமாறினால் அவர்களுடைய முழங்கையைப் பிடித்து ஓர் அங்குலம் உயர்த்திவிட்டார். உடனே திரை கேட்டது.

கேமரா, சென்சார், மென்பொருள் எல்லாம் இருக்கட்டும், அந்த ஸ்டாலை ஓட்டியதில் பாதிப் பங்கு அந்தத் தம்பியுடையது. கருவியை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தால் அவர் பெட்டிக்குள் இருக்க மாட்டார். இத்தனை ஆண்டுகளாகக் கண்காட்சிகளில் கைதட்டல் வாங்கும் ஒரு தொழில்நுட்பம் வீட்டுக்கு வந்ததும் மூலையில் கிடப்பதற்குப் பெரிய காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. அது சரியா என்று பார்க்க, இந்தக் கருவிகள் எப்படிக் கையைக் ‘காண்கின்றன’ என்பதிலிருந்து தொடங்கலாம்.

தொடாமல் இயக்குவது புதிய ஆசையல்ல. 1920-இல் ரஷ்ய இயற்பியலாளர் லெவ் தெரமின் தன் பெயரிலேயே ஓர் இசைக்கருவியை உருவாக்கினார். இரண்டு ஆன்டெனாக்கள், நடுவில் வாசிப்பவர். மின்சாரம் கடத்தும் மனித உடல் ஆன்டெனாவை நெருங்கினாலும் விலகினாலும் மின்தேக்கத் திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு மாறும், அதனால் சுருதி மாறும். ஒரு கை சுருதிக்கு, மறு கை ஒலியளவுக்கு. கேட்பவர்கள் வாய்பிளந்தார்கள். ஆனால் அதை நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள் அன்றும் குறைவு, இன்றும் குறைவு. விரலுக்குப் பிடிமானம் இல்லை, சுரம் எங்கே இருக்கிறது என்று காட்டக் காற்றில் ஒரு கோடுகூட இல்லை. நூறு ஆண்டுக்கு முன்பே இந்தத் துறையின் முழுச் சிக்கலும் அந்த ஒரு பெட்டிக்குள் வந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

1970-களில் அமெரிக்கரான மைரன் குரூகர் ‘வீடியோபிளேஸ்’ என்ற பெயரில், பார்வையாளரின் நிழலுருவத்தைக் கேமராவால் பிடித்துத் திரையில் உள்ளவற்றோடு விளையாட விட்டார். 2003-இல் சோனி தன் பிளேஸ்டேஷன் 2-க்கு ‘ஐடாய்’ என்ற சிறிய கேமராவை விற்றது. இவை இரண்டும் பார்த்தது தட்டையான படத்தை. கை எங்கே இருக்கிறது என்று தெரியும், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாது. பின்னால் நடந்து போகிறவரும் கையசைப்பவரும் அந்தக் கண்ணுக்கு ஒன்றுதான்.

அந்தத் தடையை உடைத்தது, எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவியோடு இணைக்கும் கேமராப் பெட்டியான மைக்ரோசாஃப்டின் கினெக்ட். 2010 நவம்பரில் கடைக்கு வந்து, முதல் 60 நாளில் 80 லட்சம் விற்று, மிக வேகமாக விற்ற நுகர்வோர் மின்னணுச் சாதனம் என்று கின்னஸில் இடம்பிடித்தது. உள்ளே இருந்த நுட்பம் பிரைம்சென்ஸ் என்ற இஸ்ரேலிய நிறுவனத்துடையது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் ஆயிரக்கணக்கான புள்ளிகளை அது அறை முழுவதும் தெளிக்கும். சற்றுத் தள்ளி இருக்கும் கேமரா அந்தப் புள்ளிகளைப் பார்க்கும். அருகில் உள்ள பொருளில் விழுந்த புள்ளிகள் ஒரு பக்கம் அதிகம் நகர்ந்து தெரியும், தூரத்துச் சுவரில் விழுந்தவை குறைவாக நகரும். அந்த நகர்வை வைத்து ஒவ்வொரு இடத்தின் தூரத்தையும் கணக்கிட்டுவிடலாம். விநாடிக்கு 30 முறை இந்தக் கணக்கு நடந்தது.

தரையில் ஒட்டிய மஞ்சள் டேப்புக்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது. மிக அருகில் வந்தால் புள்ளிகளின் நகர்வு கணக்குக்குள் அடங்காது. மிகத் தூரம் போனால் நகர்வே தெரியாது. கினெக்ட் விளையாட ஒருவருக்குச் சுமார் ஆறடி, இரண்டு பேருக்கு எட்டடி பின்னால் நிற்க இடம் வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே சொன்னது. அமெரிக்கப் புறநகர் வீட்டின் கூடத்துக்கு அது பெரிய விஷயமல்ல. பினாங்கின் ஆயர் ஈத்தாம், பிறைப் பக்கத்து அடுக்குமாடி வீட்டில் சோபாவை நகர்த்தி, மேசையைப் படுக்கையறைக்குள் தள்ளி, பாட்டியை நாற்காலியோடு ஓரமாக உட்கார வைத்தால்தான் எட்டடி கிடைக்கும். ஒரு நாள் செய்வார்கள். தினமும் செய்வார்களா?

வெயிலும் ஒரு வில்லன். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. சன்னல் வழியே பிற்பகல் வெயில் அடித்தால் கருவி தெளித்த புள்ளிகள் அதில் கரைந்துவிடும். கண்காட்சி ஸ்டால்களைக் கண்ணாடிச் சுவரிலிருந்து தள்ளி, சற்று மங்கலான மூலையில் அமைப்பதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமல்ல.

2013-இல் வந்த இரண்டாவது கினெக்ட் வேறு வழியில் போனது. ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளப்பது. சொல்ல எளிது. ஒளி ஒரு நானோ விநாடியில் 30 சென்டிமீட்டர் ஓடிவிடும். ஒரு சென்டிமீட்டர் ஆழ வேறுபாட்டைப் பிடிக்க வேண்டுமென்றால், போய்த் திரும்பும் தூரம் இரண்டு சென்டிமீட்டர். ஒரு நானோ விநாடியில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு நேரத்தை அளக்க வேண்டும். கடிகாரம் வைத்து இதை அளக்க முடியாதென்று, ஒளியை வேகமாக ஏற்றி இறக்கி, அனுப்பிய அலைக்கும் திரும்பி வந்த அலைக்கும் உள்ள கட்ட வேறுபாட்டை, அதாவது ஓர் அலை மற்றதைவிட எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதைப் பார்க்கிறார்கள்.

ஆழம் தெரிந்தால் மட்டும் போதாது. அந்த ஆழப் படத்தில் எது கை, எது தலை, எது பூந்தொட்டி என்று பிரிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட கட்டுரையில் அதை விளக்கியிருக்கிறார்கள். கணினியில் உருவாக்கிய ஏராளமான உடல் படங்களைக் காட்டி, ஒவ்வொரு புள்ளியும் உடலின் 31 பகுதிகளில் எதைச் சேர்ந்தது என்று ஊகிக்க மென்பொருளைப் பழக்கினார்கள். அதிலிருந்து மூட்டுகளைக் கண்டுபிடித்து எலும்புக்கூடு போல ஓர் உருவத்தை வரைந்தது கருவி. முதல் கினெக்ட் 20 மூட்டுகளைப் பின்தொடர்ந்தது, இரண்டாவது 25.

இன்றைய ஸ்டால்களில் இந்தப் பெரிய பெட்டியைக் காண்பது அரிது. கூகுள் 2019-இல் வெளியிட்ட மீடியாபைப் மென்பொருள் சாதாரண வெப்கேமராவின் படத்திலிருந்தே கையில் 21 புள்ளிகளைக் கண்டுபிடிக்கும். மணிக்கட்டுக்கு ஒன்று, விரலுக்கு நான்கு. இலவசமாகக் கிடைக்கிறது, மடிக்கணினி போதும், கல்லூரி மாணவர்கள்கூட ஒரு வார இறுதியில் ஏதாவது செய்து காட்டிவிடலாம். ஸ்டால்கள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்பைஸ் அரங்கில் அந்த 21 புள்ளிகளையும் பச்சைக் கோடுகளால் இணைத்துத் திரையில் காட்டினார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்பிள்ளை பரதம் கற்பவள் போலிருக்கிறது, பழம் வெட்டுவதை விட்டுவிட்டு முத்திரை காட்டத் தொடங்கிவிட்டாள். பதாகம் பிடித்தாள், பச்சைக் கோடுகள் விரலோடு ஒட்டிக்கொண்டு நின்றன. திரிபதாகம், மோதிர விரல் மடங்கியது, அதுவும் சரி. கடகாமுகத்துக்கு வந்தபோது கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றின் நுனியும் ஓரிடத்தில் கூட, கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கின. கையைப் பக்கவாட்டில் திருப்பினாள். நடுவிரலின் கோடு சுட்டுவிரலுக்குத் தாவியது. “அது தப்பாக் காட்டுது, ம்மா,” என்று அம்மாவிடம் புகார் சொன்னாள்.

ஒற்றைக் கேமராவுக்கு மறைந்த விரல் தெரியாது. தெரியாத இடத்தில் அது நிறுத்திக்கொள்வதில்லை, பழகிய படங்களை வைத்து ஊகிக்கிறது. பழகிய படங்களில் கடகாமுகம் எத்தனை இருந்திருக்கும்? ஒற்றைக்கை முத்திரைகள் 28-ஐயும் பிழையில்லாமல் பிரிக்க வேண்டும் என்றால் அதற்கெனத் தனியாகப் பழக்க வேண்டும். செய்ய முடியாததல்ல. ஆனால் ஸ்டாலில் இருப்பது அதுவல்ல.

இங்கே இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. மலேசியாவில் வளர்ந்த பலர் சுட்டுவிரலால் சுட்டிக்காட்டுவதில்லை. மலாய்க்கார மரியாதைப்படி அது முறையல்ல. விரல்களை மடக்கி, கட்டைவிரலை அதன்மேல் வைத்து அந்தத் திசையில் நீட்டுவார்கள். நம் தமிழர்களில் பலருக்கும் அது பழகிவிட்டது. அன்று ஒரு பெரியவர் திரையில் எதைத் திறக்க வேண்டும் என்று அப்படித்தான் மிக மரியாதையாகக் காட்டினார். திரை அதை மூடிய கைமுட்டி என்று எடுத்துக்கொண்டு, கீழே கிடந்த ஒரு படத்தைப் பிடித்து இழுத்தது. தம்பி ஓடிவந்து, “ஒரு விரல் மட்டும் அங்கிள்,” என்றார். ‘இயல்பான கையசைவு’ என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது யாருக்கு இயல்பு என்று அப்போது கேட்கத் தோன்றியது. தலையாட்டுவதிலும் இதே கதை. ஆப்பிள் 2024-இல் தன் ஏர்பாட்ஸ் இயர்போன்கள் சிலவற்றில் தலையசைத்து அழைப்பை எடுக்கும் வசதியைக் கொண்டுவந்தது: மேலும் கீழும் ஆட்டினால் ஆம், பக்கவாட்டில் ஆட்டினால் இல்லை. ‘சரி சரி, பார்ப்போம்’ என்று நாம் ஆட்டும் மூன்றாவது ஆட்டத்துக்கு அதில் இடமில்லை.

தோல் நிறத்தைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. கறுத்த கைக்குச் சோப்பு தராத தானியங்கிக் கருவியின் காணொளி 2017-இல் உலகம் சுற்றியது. மலிவான சென்சார், கையில் பட்டுத் திரும்பும் ஒளி ஓர் அளவைத் தாண்டினால்தான் ‘கை இருக்கிறது’ என்று முடிவுசெய்யும். அந்த அளவை வெளிர் தோலை வைத்து மட்டும் நிர்ணயித்தால் இப்படித்தான் ஆகும். அகச்சிவப்பில் ஒரு சாதகம் உண்டு. அலைநீளம் கூடக் கூட, தோலுக்குக் கருமை தரும் நிறமியான மெலனின் ஒளியை விழுங்குவது குறையும். அதனால் ஆழக் கேமராக்கள் பயன்படுத்தும் அகச்சிவப்பில், கறுத்த தோலுக்கும் வெளிர் தோலுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதைவிட மிகக் குறைவு. சாதாரண வெப்கேமராவை நம்பும் ஸ்டால்களில் அந்தச் சாதகம் இல்லை. அங்கே வெளிச்சமும், மென்பொருள் எந்தக் கைகளைப் பார்த்துப் பழகியது என்பதும்தான் தீர்மானிக்கும். சேலை, நீளப் பாவாடை, பாஜு கூரோங் போன்றவை கால்களை மூடிவிடுவதால் முழு உடலைப் பின்தொடரும் விளையாட்டுகள் முழங்காலைத் தேடித் தவிப்பதும் உண்டு.

இதையெல்லாம் பொறியாளர்கள் திருத்திவிடலாம், பெரும்பகுதி திருத்தியும் வருகிறார்கள். திருத்த முடியாதது வேறு. ஒரு மனிதரின் ஒரு கை அவருடைய உடல் எடையில் சுமார் 5 சதவீதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 3 கிலோ. அதை முன்னே நீட்டிக் காற்றில் வைத்துக்கொண்டு மெனு தேட வேண்டும். மூன்று நிமிடம் வேடிக்கை, பத்தாவது நிமிடம் தோள் கெஞ்சும். பொறியாளர்கள் இதற்கு ‘கொரில்லாக் கை’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஸ்டாலில் யாரும் பத்து நிமிடம் நிற்பதில்லை, வரிசை பின்னால் காத்திருக்கிறது. அதனால் இந்தக் குறை அங்கே தெரிய வாய்ப்பே இல்லை.

அடுத்தது, பட்டனுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, கைக்கு இல்லை. நான் மூக்கைச் சொறிவதற்கும் ஒலியைக் கூட்டச் சொல்வதற்கும் என்ன வேறுபாடு என்று கேமரா எப்படி அறியும்? நூறு அசைவில் 95-ஐச் சரியாகப் புரிந்துகொள்கிறது என்றே வைத்துக்கொள்வோம், கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு மாலையில் தொலைக்காட்சியை நாற்பது முறை மாற்றினால் இரண்டு முறை சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று. ரிமோட் அப்படிச் செய்தால் பேட்டரியைக் கழற்றிக் கீழே தட்டுவோம்.

சந்தையின் கதையும் இதையே சொல்கிறது. 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியோடு கினெக்டைச் சேர்த்தே 499 டாலருக்கு விற்றார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் அதை நீக்கி விலையை 399 ஆக்கினார்கள். 2017-இல் தயாரிப்பே நின்றது. கூகுள் 2019-இல் பிக்சல் 4 கைப்பேசிக்குள் சோலி என்ற 60 கிகாஹெர்ட்ஸ் ரேடாரை வைத்தது. கைப்பேசிக்கு மேலே கையை வீசினால் பாட்டு மாறும். அந்த அலைவரிசைக்கு உரிமம் இல்லாததால் இந்தியாவில் அந்தக் கைப்பேசி விற்பனைக்கே வரவில்லை. பிக்சல் 5-இல் ரேடாரைக் காணோம்.

ஆனால் சென்சார்கள் சாகவில்லை, வேலை மாறிக்கொண்டன. பிரைம்சென்ஸை ஆப்பிள் 2013-இல் வாங்கியது. 2017-இல் ஐபோன் டென் வந்தபோது, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் தெளித்துப் பூட்டைத் திறந்தது. அறை முழுவதற்கும் செய்ததை முகத்துக்குச் சுருக்கிவிட்டார்கள். சோலி ரேடார் 2021-இல் நெஸ்ட் ஹப் என்ற வீட்டுத் திரைக் கருவிக்குள் போய், படுக்கையில் தூங்குபவரின் அசைவையும் மூச்சையும் கவனிக்கத் தொடங்கியது. இரண்டிலும் நாம் எதையும் ‘காட்ட’ வேண்டியதில்லை. முகம் முகமாக இருக்கிறது, தூங்குபவர் தூங்குகிறார். பழகிக்கொள்ள ஒன்றுமில்லாத இடத்தில் சென்சாருக்கு நல்ல வாழ்வு.

(பினாங்குக்காரர்கள் இந்தக் கதையை முழுக்க வெளியூர்க் கதையாக நினைக்க வேண்டாம். 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கியபோது வந்த ‘எட்டு சாமுராய்’ நிறுவனங்களில் இன்டெலும் இருந்தது, பின்னாளில் ஓஸ்ராம் ஆன லிட்ரோனிக்ஸும் இருந்தது. சிப்பும் ஒளி உமிழும் டயோடும் செய்த ஊர் இது. ஃபேக்டரி பஸ் ஏறி நுண்நோக்கிக்குக் கீழே கம்பி ஒட்டிய தமிழ்ப் பெண்கள் எத்தனையோ வீட்டில் இன்று பாட்டிகள். ஸ்டாலில் பேரனோடு நின்று ‘இது எப்படிடா தெரியுது?’ என்று கேட்டவர்களில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் எனக்கு வியப்பில்லை.)

கையசைவே பொருத்தமான இடங்களும் உண்டு, அவற்றில் ஸ்டாலின் தம்பி தேவைப்படுவதில்லை. அறுவைச் சிகிச்சைக்காகக் கையைக் கழுவிக் கையுறை மாட்டிய மருத்துவர் விசைப்பலகையைத் தொட்டால் மறுபடி கழுவ வேண்டும். டொரொன்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனையில் 2011-இல் கினெக்டை வைத்து, தொடாமலே ஸ்கேன் படங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். அங்கே தோள் வலி பெரிய செலவல்ல, தொடுவதுதான் செலவு. உடலசைவே நோக்கமாக உள்ள நடனமும் உடற்பயிற்சியும் இன்னொரு இடம். 2006-இல் வந்த நின்டெண்டோ வீ விளையாட்டுக் கருவி பத்துக் கோடிக்கு மேல் விற்றதும் அதனால்தான். அதில்கூட ஒரு தந்திரம் இருந்தது. கையில் ரிமோட்டைக் கொடுத்தார்கள், அதில் பட்டன் இருந்தது. எப்போது தொடங்குகிறேன் என்று விளையாடுபவர் விரலால் சொல்லிவிடுவார்.

2024-இல் விற்பனைக்கு வந்த, தலையில் மாட்டிக்கொள்ளும் ஆப்பிள் விஷன் ப்ரோ இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது. எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைக் கண்பார்வை சொல்கிறது. கை மடியிலேயே கிடக்கலாம், கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொட்டால் போதும். கீழ்நோக்கிய கேமராக்கள் அதைப் பார்த்துக்கொள்ளும். கையைத் தூக்க வேண்டாம், தொடக்கம் எது என்ற குழப்பமும் குறைவு, தொட்ட உணர்வும் கிடைக்கிறது, அது தன் விரலிலேயே. விலை 3,499 டாலர் என்பதால் நம் தெருவில் யாரும் வாங்கப் போவதில்லை, அது வேறு விஷயம்.

அடுத்த முறை இப்படி ஒரு ஸ்டாலுக்குப் போனால் சிலவற்றைச் செய்து பார்க்கலாம். தம்பியைச் சற்று ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, எதுவும் கேட்காமல் நீங்களாகவே தொடங்குங்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்து முயலுங்கள், ஏனென்றால் வீட்டில் யாரும் நின்றுகொண்டு படம் பார்ப்பதில்லை. இரண்டு பேராக நின்று, ஒருவர் மற்றவரிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசுங்கள். நம்மாட்களுக்கு இதற்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. திரை சும்மா இருக்கிறதா, இடையில் நுழைகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், கேமரா பிடிக்கும் படம் எங்கே போகிறது என்று கேளுங்கள். மூட்டுப் புள்ளிகளை மட்டும் கணக்கிட்டுப் படத்தை அந்தக் கணமே விட்டுவிடும் மென்பொருளும் உண்டு, முழுக் காணொளியையும் சேமிக்கும் மென்பொருளும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான். மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2024-இல் திருத்தியபோது முகம், கைரேகை போன்ற உடலடையாளத் தரவையும் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய தரவுகளின் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் அந்தச் சட்டம் வணிக நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தும், மத்திய, மாநில அரசுகளை அல்ல. ஆகவே ஸ்டாலை நடத்துவது யார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். நான் கேட்டபோது தம்பி சிரித்துக்கொண்டே, “ரெக்கார்டிங் இல்லைன்னுதான் சொன்னாங்க அண்ணே, நான் பார்ட்-டைம்தான்,” என்றார். அதற்குள் அடுத்தவர் கோட்டின் மேல் வந்து நின்றுவிட்டார்.